சாந்தி அன்ரியின் ஒன்பதாவது கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் குசினிக்குள் ஒரு ரெய்டு நடந்தது.

வந்தவர் பக்கத்து அப்பார்ட்மெண்ட் சாந்தி அன்ரி. கையில் ஆயுதம் — இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற நீட்டு தெர்மோமீட்டர். அம்மா காலையில் காய்ச்சி அடுப்பிலேயே விட்டிருந்த பருப்புக்கறிக்குள் அதை விட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இருபத்தி நாலு," என்றார். "எத்தினை மணிக்கு இறக்கினனீங்கள்?"

"எட்டு மணி இருக்கும். ஏன்?" என்றார் அம்மா.

"இப்ப ஒரு மணி. ஊத்துங்கோ."

"எதை?"

"கறியைத்தான் தேவி. குப்பையிலை ஊத்துங்கோ."

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த அடுப்பில், அதே மாதிரி ஆறிக் கிடந்த அதே பருப்பைத் தின்றுதான் நான் ஐந்தடி ஏழு அங்குலம் வளர்ந்தேன். அன்ரியை விட்டுவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் உன்ர வேலை!"

உண்மைதான். என் வேலைதான். பருப்பு போன கவலையைவிட எனக்குப் பெருமைதான் கூட. ஏன் என்று சொல்கிறேன். மூன்று வாரக் கதை. இதில் ஒரு பரீட்சை வரும், ஒரு பிளக் வரும், பிள்ளையாரும் வருவார். அவசரப்படாதீர்கள்.

சாந்தி அன்ரி டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியில்தான் இருக்கிறார். வயது ஐம்பத்துமூன்று. கென்னடி ரோட்டில், சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற ஒரு ரேக்-அவுட் கடையின் பின்பக்கம் பதினொரு வருஷமாக ரோல்ஸ் சுருட்டுகிறார். ஸ்காபரோவில் ஏதாவது பிறந்தநாள் பார்ட்டிக்குப் போய் ரோல்ஸ் கடித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அதில் ஒன்றாவது அவருடைய கையால் சுருட்டியதாக இருக்கும். உறைப்பு, மிளகு, அதற்குப் பிறகு என்னவென்று சொல்ல முடியாத ஒன்று... அதுதான்.

முதலாளி இப்போது மல்வேர்னில் இரண்டாவது கடை திறக்கிறார். இந்த ஊர்ச் சட்டப்படி கடை திறந்திருக்கும் நேரமெல்லாம், உணவைச் சுத்தமாகக் கையாளப் படித்துச் சேர்ட்டிபிக்கேட் எடுத்த ஒருவராவது உள்ளே நிற்க வேண்டும். முதலாளி அன்ரியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "மாதக் கடைசிக்குள்ளை சேர்ட்டிபிக்கேட் கொண்டு வாங்கோ அக்கா, மல்வேர்ன் கிச்சின் முழுக்க உங்கடை பொறுப்பு. இல்லாட்டி நான் வெளியாலை ஒரு ஆளைத்தான் எடுக்கோணும்."

வெளியால் வரும் ஆளுக்கு யார் ரோல்ஸ் சுருட்டப் பழக்குவது? அன்ரிதான். பழக்கிவிட்டு, அந்த ஆளுக்குக் கீழேயே வேலை செய்வதும் அன்ரிதான். இது உங்களுக்கு ஓகேயா? எனக்கு இல்லை.

அன்ரி ஏற்கனவே ஒருதரம் பரீட்சை எழுதியிருந்தார். மூன்று மார்க்கால் பெயில். இரண்டாம் தரத்துக்கு நாள் எடுத்துவிட்டு வந்த அன்றுதான் என்னை லிஃப்ட்டில் பிடித்தார். எங்கள் கட்டடத்தில் மூன்று லிஃப்ட். எப்போதும் ஒன்றுதான் வேலை செய்யும். அதுவும் ஒவ்வொரு மாடியிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். நல்ல நீளமான கதைக்கு நேரம் கிடைக்கும்.

"அபி, நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே?"

"ஓம் அன்ரி."

"இதை ஒருக்காப் பார் பிள்ளை. சும்மா எண்டு சொல்லித்தான் உள்ளை விட்டது. இப்ப கார்ட் நம்பர் கேக்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்கிற ஆப் ஒன்று. தொப்பி போட்ட கார்ட்டூன் சமையல்காரர் கண் சிமிட்டுகிறார். முதல் ஏழு நாள் இலவசம். எட்டாம் நாளிலிருந்து மாதம் பத்தொன்பது டொலர். 'வேண்டாம்' என்கிற பட்டனைக் கண்டுபிடிக்க எனக்கே ஐந்து மாடி எடுத்தது. கொம்பியூட்டர் படித்த எனக்கே ஐந்து மாடி!

"அன்ரி, இதை விடுங்கோ. நான் செய்து தாறன். சும்மா. உண்மையான சும்மா."

"அதென்ன உண்மையான சும்மா?"

"ஓப்பன் சோர்ஸ் எண்டு சொல்லுறது. ஆரோ நல்ல சொஃப்ட்வெயார் ஒண்டு எழுதுவினம். எப்பிடிச் செய்தது எண்டதையும் சேர்த்து உலகத்துக்கே விட்டிடுவினம். ஆரும் எடுக்கலாம், மாத்தலாம், மற்றாக்களுக்கும் குடுக்கலாம்."

"ஏன் அப்பிடிக் குடுக்கினம்?"

"அது வந்து... நீங்கள் உங்கடை ரோல்ஸ் ரெசிப்பியை எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிற மாதிரி அன்ரி."

லிஃப்ட் கதவு திறந்தது. அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருக்கு விசர்?" என்று, பைத்தியமா என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் வேலையில் இறங்கினேன். நேர்மையாக ஒன்று சொல்கிறேன் — டூல் தேடுவது, படிப்பதைவிட நூறு மடங்கு சுகம். இரண்டு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து பதினொரு டூல்களை ஒப்பிட்டு ஒரு டேபிள் போட்டேன். பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம், சிவப்புக் கட்டம். பார்க்கவே அழகு. கடைசியில் இருக்கிறதுக்குள் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். யூனிவர்சிட்டிகள் பாவிக்கிற சாமான். பாடம், பரீட்சை, கலந்துரையாடல் பக்கம், பட்டங்கள்... இல்லாதது ஒன்றுமில்லை. இலவசம். ஓப்பன் சோர்ஸ். வேறென்ன வேண்டும்?

அதை ஓட்ட ஒரு சேர்வர் வேண்டும்.

அதற்கும் செலவில்லை என்று என் பழைய லப்டொப்பை எடுத்தேன். அதில் இரண்டு பட்டன் இல்லை, பற்றரியும் செத்துவிட்டது. ஆனால் கரண்டில் இருந்தால் ஓடும். வீட்டில் சும்மா கிடந்த ஒரே பிளக் சாமித் தட்டுக்குக் கீழே இருந்தது. அங்கே வைத்தேன். பாடம் முழுவதையும் வரி வரியாகத் தமிழில் மொழிபெயர்த்தேன். மூன்று நாள் போச்சு. பரவாயில்லை, அன்ரி பெயிலானது இங்கிலீஷால்தானே? ஒவ்வொரு பாடம் முடிய ரோல்ஸ் படம் போட்ட பட்டம் ஒன்றும் கிடைக்கும். எனக்கு என்னைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

அன்ரி தனியாக வரவில்லை. கடைக் கிச்சினில் வேலை செய்யும் இன்னும் ஐந்து பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்தார். அவர்களில் கொத்துரொட்டி போடுகிற கலா அக்காவை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வாய் கொத்துக் கத்தியைவிட வேகம்.

முதல் தடை, உள்ளே நுழைவது. ஈமெயில் கேட்டது. சாந்தி அன்ரியின் ஈமெயில் மகன் செய்து கொடுத்தது. பாஸ்வேர்ட் மகனுக்குத்தான் தெரியும். மகன் கல்கரியில். இன்னொரு அக்காவின் ஈமெயில் வீட்டில் யாரோ தூக்கிப் போட்ட ஐபேட்டில் மட்டும்தான் திறக்கும். பிறகு புதுப் பாஸ்வேர்ட் — ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி.

கலா அக்கா வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினார்: "பிள்ளை, சோறு வடிக்கிறதைப் பற்றிப் படிக்கத்தானே கேட்டனாங்கள்? உதுக்கு ஏன் பாங்க் லொக்கர் மாதிரிப் பூட்டு?"

நாலு நாளில் ஒருவழியாக ஆறு பேரையும் உள்ளே சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் பாடம். கடையில் அவர்களுக்குப் பதினைந்து நிமிட பிரேக். ஆறு பேரும் மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் போனோடு இருந்தார்கள். நான் டவுன்டவுனில் வேலையில். ஒரு ஒஃபிஸின் கொம்பியூட்டர் ஹெல்ப் டெஸ்க்... 'ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ' என்று சொல்லுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

ஐந்து மணி ஒரு நிமிடம். "பக்கம் வரேல்லைப் பிள்ளை."

ஐந்து மூன்று. "சுத்திச் சுத்தி நிக்குது."

ஐந்து ஐந்து. வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"அம்மா, சாமித் தட்டுக்குக் கீழை என்ர லப்டொப் இருக்கெல்லே, அதிலை பச்சை லைட் எரியுதோ?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ."

அவ்வளவுதான் விளக்கம். வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளையார் படத்தைச் சுற்றி மின்னி மின்னி எரிகிற கலர் பல்ப் மாலையை அம்மா போடுவார். நான் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அந்தப் பல்புக்கு உரிய பிளக்கைத்தான் நான் 'சும்மா கிடந்தது' என்று பிடித்திருக்கிறேன். டேபிளில் பதினொரு டூலுக்கும் கட்டம் போட்ட எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு கட்டம் போடத் தெரியவில்லை.

"அம்மா, அங்கை ஆறு பேர் படிக்கக் காத்துக்கொண்டிருக்கினம்!"

"பிள்ளையாரை இருட்டிலை விடச் சொல்லுறியோ? உன்ர பெட்டி ஒருநாள் ஓய்வெடுக்கட்டும்."

இதில் வாதாட என்ன இருக்கிறது? பிரேக் முடிந்தது. வாட்ஸ்அப்பில் கலா அக்கா அறிவித்தார்: "அபியின்ர யூனிவர்சிட்டிக்கு வெள்ளிக்கிழமை லீவாம். எல்லாரும் போய் வெங்காயம் உரியுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்சத்தில் சாந்தி அன்ரி தனியாக ஒரு மெசேஜ் போட்டார். "குறை நினையாதை பிள்ளை. பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு. நான் அந்தப் பழைய புத்தகத்தையே பாக்கிறன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. அதுதான் உறைத்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. காலையில் அன்ரியோடு பஸ்ஸில் ஏறிக் கடைக்குப் போனேன். ஏன் என்று எனக்கே தெளிவில்லை. சும்மா போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன பிறகுதான் கண்ணில் பட்டது. பஸ்ஸில் ஏறியதும் அன்ரி டேட்டாவை ஓஃப் பண்ணிவிடுவார்; அவருடைய பிளானில் இருப்பதே கொஞ்சம். போனின் கண்ணாடி மூலைக்கு மூலை வெடிப்பு. எழுத்துப் பார்க்க மூக்குக் கண்ணாடி வேண்டும், அது எப்போதும் பையின் அடியில். கடைக்குள் போனால் வைஃபை இருக்கிறது, ஆனால் கை இரண்டிலும் மா, முட்டை, ரஸ்க் தூள். பிரேக்கிலும் கையைக் கழுவித் துடைத்துக் கண்ணாடி தேடி எடுப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விடும்.

ஆனால் காது? காது நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. மணிக்கணக்காக ரோல்ஸ் சுருட்டும்போது மூலையில் ரேடியோ போகிறது. விளம்பரத்தைக்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பதினொரு டூலை ஒப்பிட்டேனே... இவர்கள் எங்கே, எந்த நேரத்தில், எந்தக் கையோடு படிப்பார்கள் என்று ஒருதரமாவது கேட்டேனா? கேட்கவில்லை. டூலால் எவ்வளவு முடியும் என்று பார்த்தேனே தவிர, அதைப் பாவிக்கப் போகிறவருடைய ஆக மோசமான பதினைந்து நிமிடத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்காத எதுவும் இலவசமாக இருந்து என்ன, தங்கத்தால் செய்திருந்து என்ன?

வீட்டுக்கு வந்து யூனிவர்சிட்டியை இழுத்து மூடினேன். பட்டங்கள், ரோல்ஸ் படங்கள், எல்லாம் போச்சு. கண்ணீர் அஞ்சலி.

புது ஏற்பாடு ரொம்பச் சின்னது. குரல் பதிந்து வெட்டி ஒட்ட ஓப்பன் சோர்ஸ் ரெக்கோர்டர் ஒன்று. ஐந்து ஐந்து நிமிடமாகப் பாடம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடை வைஃபையில் இறங்கிவிடும், சுருட்டிக்கொண்டே கேட்கலாம். முதல் பாடத்தை நானே பேசினேன். கலா அக்காவின் விமர்சனம் உடனே வந்தது: "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு பிள்ளை. ரெண்டு பேர் நித்திரை."

சரி, என்று இரண்டாம் பாடத்திலிருந்து சாந்தி அன்ரியையே பேச வைத்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்துத் தன் பாஷையில் சொல்வார். பரீட்சையில் வருகிற இங்கிலீஷ் சொற்களை அப்படியே இடையில் போடுவார். "நாலு டிகிரிக்கும் அறுபதுக்கும் நடுவிலை இருக்கிறதுக்குப் பேர் டேஞ்சர் ஸோன். எங்கடை வீட்டு அடுப்புமேடை முழுக்க டேஞ்சர் ஸோன்தான், என்னடி கலா?" — இதைக் கேட்டு யார் தூங்குவார்கள்?

கேள்விகளுக்கு, யாரோ எழுதி உலகத்துக்கு விட்ட ஒரு குட்டி குவிஸ் புரோகிராமை எடுத்தேன். ஒரே ஒரு பக்கம். ஈமெயில் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, விரும்பிய பெயரைப் போட்டு உள்ளே வரலாம். ஒருதரம் திறந்துவிட்டால் டேட்டா இல்லாமல் பஸ்ஸிலும் ஓடும். வைஃபை வந்ததும் விடைகள் என்னிடம் வந்துவிடும். இணையத்தில் இலவசமாக இடம் தருகிற ஓர் இடத்தில் வைத்தேன். வைக்க முதல் ஒரு விஷயம் பார்த்தேன் — நாளைக்கு அவர்கள் கடையைப் பூட்டினால் என் கேள்விகளை அள்ளிக்கொண்டு வெளியே வரமுடியுமா? முடியும். நீங்களும் எங்காவது உங்கள் பாடத்தைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்றால் முதலில் வாசலைப் பாருங்கள். உள்ளே போகிற வாசல் இல்லை, வெளியே வருகிற வாசல்.

பிள்ளையாருக்கும் எனக்கும் இருந்த பிளக் தகராறும் அத்தோடு தீர்ந்தது.

ஆறு பேரும் ஆறு பெயரில் வந்தார்கள். 'கொத்து குயின்' யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாந்தி அன்ரி 'மாணவி' என்று போட்டிருந்தார்.

திங்கட்கிழமை விடைகளைத் திறந்து பார்த்தேன். நல்ல மார்க்! ஆனால் ஒன்பதாவது கேள்வி... ஆறு பேரும் பிழை. ஆறு பேரும் ஒரே பிழை.

என் கோடிங்கில்தான் ஏதோ கோளாறு என்று அரை மணித்தியாலம் தேடினேன். கோளாறு இல்லை. கேள்வி இதுதான்: சமைத்த சோறு ஆறு மணித்தியாலம் மேசையில் இருந்துவிட்டது, என்ன செய்வீர்கள்? மணந்து பார்த்துவிட்டுப் பரிமாறுவேன், நன்றாகச் சூடாக்கிப் பரிமாறுவேன், ஃபிரிட்ஜில் வைப்பேன், எறிவேன். ஆறு பேரும் அமத்தியிருந்தது 'சூடாக்கி'.

திங்கட்கிழமை கடை பூட்டு. ஆறு பேரையும் வீடியோ கோலில் கூப்பிட்டேன். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். லிங்கை அமத்தினால் வந்துவிடலாம்.

"விடை 'எறிவேன்' தான்," என்றேன்.

"எறியிறதோ?" கலா அக்கா போனுக்குள்ளால் வெளியே வந்துவிடுவார் போல இருந்தது. "ஒரு பானைச் சோத்தையோ?"

"ஓம் அக்கா."

"அடி, உப்பிடிப் பாத்தா நாங்கள் ஆறு பேரும் எப்பவோ செத்திருக்கோணும்!"

"கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் கிருமி செத்துப் போகும்தானே?" என்று இன்னொரு அக்கா கேட்டார்.

"கிருமி செத்திடும். ஆனால் சோத்திலை இருக்கிற ஒருவகைக் கிருமி, சாக முதல் நஞ்சை விட்டிடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. வீட்டிலை தப்பியிருப்பியள். கடையிலை ஒருநாளைக்கு எத்தினை பேர் சாப்பிடுகினம்?"

எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த சாந்தி அன்ரி மெதுவாகச் சொன்னார்.

"முதல்தரம் நான் பெயில் விட்டதும் இந்தமாதிரிக் கேள்வியளிலைதான்."

"இங்கிலீஷ் விளங்கேல்லையோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. இங்கிலீஷ் நல்லா விளங்கினது. விளங்கித்தான் பிழை விட்டனான். வீட்டிலை என்ன செய்வனோ அதையே போட்டிட்டு வந்தனான்."

எனக்கு ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்தேனே... யார் கேட்டது? ஐம்பத்துமூன்று வயது, ரோல்ஸ் சுருட்டுகிற கை, பெயில் — அப்படியென்றால் இங்கிலீஷ் பிரச்சினை என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். பதினொரு வருஷமாக இங்கிலீஷில் வருகிற ஓடர்களைப் பார்த்துச் செய்கிறவர் அவர். நோயை விசாரிக்காமலே மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? அன்ரி அந்த விஷயத்தை மகனுக்கும் சொல்லவில்லை, முதலாளிக்கும் சொல்லவில்லை. ஆறு பேரும் சேர்ந்து பிழை விட்ட பிறகுதான் சொன்னார். தனியாகப் பிழைவிட்டால் வெட்கம். ஆறு பேர் சேர்ந்து பிழைவிட்டால்... அது பழக்கம், அவ்வளவுதான். பழக்கத்தைத் திருத்தலாம்.

அன்றைக்கு வகுப்பு என் கையைவிட்டுப் போனது. "எங்கடை குசினி எங்களுக்கு வேறை என்னென்ன பிழையாச் சொல்லித் தந்திருக்கு எண்டு பாப்பம்," என்றார் அன்ரி. ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். உறைந்த ஆட்டிறைச்சியைக் காலமை சிங்குக்குள் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. அகப்பையால் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துவிட்டு, அதே அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விடுவது. கோழியைக் குழாய்க்குக் கீழே பிடித்து நாலு பக்கமும் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவது. இதில் எந்த ஆப்பின் கார்ட்டூன் சமையல்காரருக்கு இவ்வளவு விவரம் தெரியும்? எல்லாவற்றையும் கேள்வியாக்கினோம். இரண்டாவது குவிஸின் பெயர் 'எங்கடை குசினிப் பிழைகள்'.

ஓப்பன் சோர்ஸின் அருமை அங்கேதான் தெரிந்தது. சரியான விடைக்கு அந்தப் புரோகிராம் இங்கிலீஷில் ஏதோ ஒரு பாராட்டுப் போடும். அதைத் தூக்கிவிட்டுக் கலா அக்காவின் குரலைப் போட்டேன். சரி என்றால், "அப்பிடிப் போடு!" பிழை என்றால், "ஊத்து! ஊத்து!" யாரிடமும் அனுமதி கேட்கவில்லை; அனுமதி தந்துதான் எழுதியிருக்கிறார்கள். மாதம் பத்தொன்பது டொலர் கட்டியிருந்தாலும் கலா அக்கா கிடைத்திருப்பாரா?

அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அன்ரியின் போன் 'ஊத்து! ஊத்து!' என்று கத்தியது. பக்கத்தில் இருந்த சனம் திரும்பிப் பார்த்ததாம். வார முடிவில் கத்தல் குறைந்துவிட்டது. சனிக்கிழமை அன்ரி தெர்மோமீட்டர் வாங்கினார். ஞாயிறு எங்கள் வீட்டுப் பருப்பு... அது உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பரீட்சை. முடிய ஒரு மணித்தியாலம் போதும். பதினொன்றேகால் ஆச்சு, செய்தி இல்லை. பதினொன்றரைக்குக் கலா அக்கா குரூப்பில் "என்னவாம்?" என்றார். பதினொன்று நாற்பதுக்குத் திரும்ப "என்னவாம்?" நான் ஹெல்ப் டெஸ்க்கில் ஒருவருக்கு பிரிண்டரை ஓஃப் பண்ணச் சொல்லிவிட்டு ஓன் பண்ணச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம் அந்த மனுஷன்.

பதினொன்று ஐம்பதுக்கு சாந்தி அன்ரியிடமிருந்து வொய்ஸ் மெசேஜ். இரண்டே இரண்டு செக்கன். இரண்டு செக்கனில் என்ன சொல்ல முடியும்? அழுகிறாரா? வொஷ்ரூமுக்குள் ஓடிப்போய்க் காதில் வைத்தேன்.

அன்ரி பேசவேயில்லை. போனை வைத்துக் குவிஸின் ஒலியை மட்டும் அனுப்பியிருந்தார். கலா அக்காவின் குரல்:

"அப்பிடிப் போடு!"

ஐம்பதுக்கு நாற்பத்தேழு. வொஷ்ரூமில் நான் போட்ட சத்தத்துக்கு வெளியே இருந்து யாரோ "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார்கள். ஓகேயோ? சூப்பர் ஓகே!

மல்வேர்ன் கிச்சினின் சாவி இப்போது அன்ரியின் கைப்பையில், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில். கலா அக்காவும் மற்ற நாலு பேரும் அடுத்த மாதம் எழுதுகிறார்கள். புதன்கிழமை, ரெக்ஸ்டேலில் தோசைக்கடை வைத்திருக்கிற தமிழ்நாட்டு அக்கா ஒருவர் குவிஸைக் கேட்டு அன்ரிக்குப் போன் பண்ணினாராம். அன்ரி என்னிடம் சொன்னார்: "தூக்கிக் குடு பிள்ளை. அவையின்ர பாஷைக்கு மாத்திப் படிக்கட்டும்." மாற்றிவிட்டார்கள். அங்கே 'ஊத்து' இல்லை, 'கொட்டு'. சோற்றுக்குப் பக்கத்தில் தோசை மாவும் சாம்பாரும் சேர்ந்துவிட்டன. லிஃப்ட்டில் 'ஆருக்கு விசர்' என்று கேட்ட அதே மனுஷிதான்!

இதுதான் சமயம் என்று நேற்றுப் பின்னேரம் வெறும் தட்டோடு அன்ரியின் கதவைத் தட்டினேன். சூடாக நாலு ரோல்ஸ் வந்தது.

"அன்ரி, இப்ப ஓப்பன் சோர்ஸ் எண்டால் என்னெண்டு வடிவா விளங்கிட்டுதுதானே?"

"ஓம் பிள்ளை. நல்ல விஷயம். எல்லாரும் குடுக்கோணும், எல்லாரும் எடுக்கோணும்."

"அப்ப... இந்த ரோல்ஸுக்குள்ளை மிளகுக்குப் பிறகு ஒண்டு வருதே, அது என்ன?"

அன்ரி என் கன்னத்தைத் தட்டினார். ரொம்பப் பாசமாகத்தான்.

"சூடு ஆற முதல் சாப்பிடு. போகேக்கை கதவைச் சாத்திப்போட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன் — உள்ளே பூட்டுகிற சத்தமும் கேட்டது!